நடக்கச் சொல்வது மூளை, நடத்துவது தண்டுவடம்

கோழி அறுப்பதைப் பாராத பிள்ளைகள் நமது நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அரிது. தலை துண்டான பின்னும் உடல் இறக்கையடித்துச் சில அடி தூரம் ஓடுவதுண்டு. “தலை போன பிறகு அதை ஓடச் சொல்வது யார்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். விளையாட்டுக் கேள்வியல்ல அது. அதன் விடையைப் பெற்றோர் அறிந்திருந்தால், ஆபத்து வேளையில் ஒருவனுடைய கால்களைக் காப்பாற்றவும் கூடும்.

நமது முதுகெலும்பின் உள்ளே, சுண்டுவிரல் பருமனில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டுவடம் இறங்குகிறது. மூளையின் சொல்லைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் வெறும் கம்பி அது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அதன் கீழ்ப்பகுதியில், நடையை நடத்தும் நரம்பணுக்களின் கூட்டம் ஒன்றிருக்கிறது. “நட” என்று மூளை சொன்னால் போதும். மடக்கும் தசை இழுக்கும்போது நீட்டும் தசையைத் தளரவிடுவதும், வலது கால் எழும்போது இடது காலை ஊன்றச் செய்வதும் இவ்வணுக்களின் வேலை. ஒரே உரலில் இரு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தும்போது ஓர் உலக்கை ஏற மற்றது இறங்குகிறதல்லவா? அதுபோலத்தான். ஆகவேதான் நாம் பேசிக்கொண்டே சந்தைக்கு நடக்க முடிகிறது.

1911-ம் ஆண்டில் கிரஹாம் பிரவுன் என்னும் ஆராய்ச்சியாளர், பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்தார். கால்களிலிருந்து உணர்ச்சி கொண்டுவரும் நரம்புகளையும் அறுத்தார். அப்படியிருந்தும் பின்னங்கால் தசைகள், நடக்கும்போது போலவே, மாறி மாறிச் சுருங்கின.

ஆனால் மனிதனுக்கு இக்கூட்டம் மட்டும் போதாது. கட்டளையும், விழாமல் நிற்கும் சமநிலையும் மூளையிலிருந்து வரவேண்டும். முதுகின் நடுவிலோ கழுத்திலோ தண்டுவடம் நசுங்கினால், கீழேயுள்ள அணுக்கள் உயிரோடிருந்தும் கட்டளை அவற்றை எட்டுவதில்லை. 2018-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், இப்படி முடங்கியிருந்த மூவரின் தண்டுவடத்துக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பயிற்சியளித்தார்கள். அவர்கள் தாங்கலுடன் அடியெடுத்து வைத்தார்கள். உறங்கிய அணுக்கள் இறந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கிற்று.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954-ல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் சேதமாகி இரு கால்களும் செயலிழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, தம்மைப் போன்றவர்களுக்காக 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கச் செய்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இனி நமது கடமை. தென்னையிலிருந்தோ புளிய மரத்திலிருந்தோ ஒருவர் விழுந்தால், பதறிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறோம். மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்து ஓடுகிறோம். முறிந்த எலும்பு அசைந்து, மிச்சமிருந்த தண்டுவடத்தையும் நசுக்கிவிடக்கூடும். ஆகவே மூன்றை வீட்டிலுள்ள எல்லாரும் மனத்தில் வைக்கவேண்டும்:

1. விழுந்தவரை உட்காரவைக்காதீர்கள், தலையையும் கழுத்தையும் திருப்பாதீர்கள்.
2. உடனே 108-க்குச் சொல்லுங்கள். வரும்வரை அசையாமல் படுத்திருக்கச் செய்யுங்கள்.
3. அவ்விடத்தில் வேறு ஆபத்து இருந்து நகர்த்தியே தீரவேண்டுமானால், பலர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் ஏற்றுங்கள். தொய்யும் கட்டிலோ போர்வையோ உதவாது.

அந்தச் சில நிமிஷப் பொறுமை, ஒரு குடும்பத் தலைவனை மறுபடியும் தன் காலால் வீட்டுப் படியேறச் செய்யலாம்.