பொது மண்டபமும் பொதுமக்கள் குரலும்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்து, தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை காண்க.

ஜொகூர் மாநிலத்தின் பல குடியிருப்புப் பகுதிகள் முன்பு தோட்டங்களாக இருந்தவை. இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்து விளங்கும் ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தோட்ட மக்கள் ஒன்றுகூடக் கோயில் வளாகமும் தமிழ்ப்பள்ளித் திடலும் இருந்தன. பின்னர், அவர்களுள் பலர் மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் போன்ற இடங்களிலுள்ள வரிசை வீடுகளில் குடியேறினர். அங்குப் பல இனத்தவரும் அருகருகே வாழ்கின்றனர். திருமண விருந்து, இரங்கல் கூட்டம், பிள்ளைகளுக்கான வகுப்பு, குடியிருப்பாளர் கூட்டம் என அனைத்துக்கும் பொதுவான ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூரில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் வாழ்கின்றனர். மக்கள் பெருகப் பெருக இத்தேவையும் பெருகுகிறது.

இருப்பினும், ஒரு வட்டாரத்தில் புதிய பொது மண்டபம் கட்டும் பேச்சு எழுந்தால் எல்லாரும் ஒருமனதாக வரவேற்பதில்லை. ஒரே தெருவில் வாழ்பவர்களே இரு அணியாகப் பிரிவதுண்டு. இரு தரப்பினரின் கருத்திலும் நியாயம் இருக்கும்.

மண்டபம் வேண்டும் என்போர் முதலில் செலவைச் சுட்டுவர். தனியார் மண்டபத்தின் வாடகையைக் குறைந்த வருமானக் குடும்பங்களால் செலுத்த இயலாது. வீட்டின் முன் கூடாரம் போட்டு விருந்து வைத்தால் சாலை அடைபடும். மழை வந்தால் விருந்தினர் அவதியுறுவர். மேலும், முதியோர் பகலில் கூடிப் பேசவும் மாணவர்கள் மாலையில் படிக்கவும் வீட்டுக்கு அருகில் ஓர் இடம் வேண்டும். வெள்ளம் ஏற்படும்போது மண்டபங்கள் துயர்துடைப்பு மையங்களாகவும் பயன்படுவதை நாம் அறிவோம்.

மண்டபம் வேண்டாம் என்போர் முதலில் கேட்பது, “எந்த நிலத்தில் கட்டப் போகிறீர்கள்?” என்பதுதான். பெரும்பாலான வீடமைப்புப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் விளையாட்டுத் திடல் மட்டுமே. அதில் கட்டடம் எழுந்தால் பிள்ளைகள் ஓடியாட இடமிராது. அடுத்து, வாகன நெரிசல். 300 பேர் கூடும் விருந்துக்குக் காருக்கு மூவர் என வந்தாலும் 100 கார்கள் வரும். அவற்றை எங்கே நிறுத்துவது? இரவில் ஒலிபெருக்கிச் சத்தம், விருந்துக்குப் பின் குவியும் குப்பை ஆகியவற்றையும் அருகில் வசிப்போரே தாங்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு தரப்பினரும் இருப்பர். அவர்கள், “இருக்கும் மண்டபத்தை ஏன் சீரமைக்கக் கூடாது?” என்று கேட்பர். ஓராண்டில் 52 வாரங்கள் உள்ளன. வார இறுதி விருந்துகளுக்கு மட்டும் மண்டபம் திறக்கப்பட்டால், எல்லா வார இறுதிகளிலும் விருந்து நடந்தாலும் 104 நாள்கள்தாம் அது பயன்படும். மீதி 261 நாள்கள் பூட்டியே கிடக்கும். கட்டி முடிக்கும் செலவு ஒரு முறைதான் வரும். ஆனால், மின்கட்டணமும் துப்புரவுச் செலவும் பழுதுபார்ப்புச் செலவும் ஆண்டுதோறும் வரும். ஆகவே, மண்டபத்தை யார், எத்தனை நாள், எதற்குப் பயன்படுத்துவர் என்ற கணக்கு கட்டடத்தின் வரைபடத்திற்கு முன்பே தயாராக வேண்டும்.

இத்தகைய கருத்து வேறுபாடுகளை உணவுக்கடையில் பேசிக் கலைவதால் பயனில்லை. அவற்றை முறைப்படி எடுத்துரைக்க நம் நாட்டுச் சட்டம் வழி வகுத்துள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்கீழ் (சட்டம் 172) ஊராட்சி மன்றங்கள் உள்ளூர்த் திட்டத்தைத் தயாரிக்கின்றன. எந்த நிலம் வீடுகளுக்கு, எந்த நிலம் வணிகத்துக்கு, எந்த நிலம் திடலுக்கு என்பதை அத்திட்டம் காட்டும். அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மறுப்புத் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வார அவகாசமும் தரப்பட வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்படும். அவர்கள் 21 நாள்களுக்குள் காரணங்களை விளக்கி எழுத்து வழி மறுப்புத் தெரிவிக்கலாம். அறிவிப்பை வாசிக்காமல் விட்டுவிட்டு, கட்டுமானப் பணி தொடங்கிய பிறகு குறைகூறுவோரின் குரல் காலம் கடந்த குரலாகிவிடும்.

ஊராட்சி மன்றங்களில் மக்கள் குரல் ஒலிப்பதற்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியத்துவம் உண்டு. நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச்சீட்டின் மூலம் அவர்களைத் தேர்ந்தெடுக்க இயலாததால், கடிதம், மனு, கலந்துரையாடல் ஆகியவையே குடியிருப்பாளர்களின் கருவிகளாகின்றன. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா போன்ற அண்டை அயலார் அமைப்புகள் மூலமாகவும் கருத்துகளைத் திரட்டலாம்.

பொதுக் காரியங்களை அவை கூடிப் பேசி முடிவு செய்யும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கவனிக்கும் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததை விளக்குகின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக முடியாது என்ற விதியும் அவற்றில் உண்டு. அக்காலத் தேர்வு முறை அனைவருக்கும் இடமளிக்கவில்லை. எனினும், பொதுச் சொத்தை நிர்வகிப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி இன்றைய மண்டபச் செயற்குழுவுக்கும் பொருந்தும்.

“ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்” என்பர். தேரை எந்த வீதியில் இழுப்பது என்பதையும் ஊரே கூடிப் பேச வேண்டும். திடலை இழக்கும் சிறுவர், வாடகை கொடுக்க இயலாத குடும்பத்தார், மண்டபத்துக்கு எதிர்வீட்டில் உறங்க வேண்டிய முதியவர் ஆகிய அனைவரின் கருத்தையும் கேட்ட பின் எடுக்கப்படும் முடிவே நிலைக்கும். அம்முடிவு மண்டபம் கட்டுவதாக இருக்கலாம். பழைய மண்டபத்தைச் சீரமைப்பதாகவும் இருக்கலாம். மாணவர்களே, திடலையும் மண்டபத்தையும் நெடுங்காலம் பயன்படுத்தப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் வட்டாரத்தில் இத்தகைய கலந்துரையாடல் நடந்தால், பெற்றோருடன் சென்று செவிமடுங்கள், காரணத்தோடு பேசுங்கள்.

கருத்துணர் வினாக்கள்

1. புதிய மண்டபத்தை எதிர்ப்போர் முன்வைக்கும் காரணங்கள் இரண்டனை எழுதுக.
2. மண்டபத்தின் பயன்பாட்டுக் கணக்கு வரைபடத்திற்கு முன்பே தயாராக வேண்டும் எனக் கட்டுரையாளர் கூறுவது ஏன்?
3. உம் வட்டாரத் திடலில் பொது மண்டபம் கட்டத் திட்டமிடப்படுகிறது என்க. உமது கருத்தைத் தெரிவித்து ஊராட்சி மன்றத் தலைவருக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் ஒன்றனை எழுதுக.