தரை தொடும்போது பாராசூட் ஒரு பக்கம் இழுக்கிறதா?

ஸ்கைடைவிங்கில் கடைசி நேரத்தில் பாராசூட் திரும்பினால், முதலில் உங்கள் கைகளைச் சந்தேகியுங்கள்.

1. தரையிறங்கும் வீடியோவைப் பாருங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு கை தரையை ஊன்ற நீளும். அந்தப் பக்க பிரேக் கூடுதலாக இறங்க, பாராசூட் அங்கேயே திரும்பும். பெரும்பாலோர் கதை இதுதான். இரு கைகளையும் உடம்பையொட்டிச் சமமாக இறக்குங்கள். பாதத்தைப் பார்க்காதீர்கள், முன்னே பாருங்கள்.

2. திசை மாறாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் அது குறுக்குக் காற்று. ஒரு கையை இழுத்துத் 'திருத்த' வேண்டாம்.

3. அடுத்த முறை 3,000 அடிக்கு மேலேயே, அருகில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, கைப்பிடிகளை முழுக்க மேலே விடுங்கள். அப்போதும் திரும்பினால் இரண்டு பிரேக்கும் விடுபட்டனவா, கயிற்றில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடைப் பட்டை ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் இழுக்கும். கட்டுக்கு வரவில்லையென்றால் ரிசர்வ் பாராசூட்தான். மாணவர்கள் அந்த முடிவை எடுக்க அமெரிக்க பாராசூட் சங்கம் சொல்லும் உயரம் 2,500 அடி.

4. கயிறுகளை ரிக்கரிடம் அளக்கக் கொடுங்கள். ஸ்பெக்ட்ரா கயிறு, ஸ்லைடர் உரசும் சூட்டில் சுருங்கும்; இரு பக்கமும் ஒரே அளவில் சுருங்கும் என்று சொல்ல முடியாது.