ஹதீஸ்கள் ஏட்டில் ஏறிய வரலாறு

கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்று திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கட்டளையிடுகிறது. வியாபாரிகளாகிய நாம் இதை நன்கறிவோம். எழுத்துக்கு இத்தனை மதிப்பளித்த மார்க்கத்தில், நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகள் ஏட்டில் ஏறியது எவ்வாறு?

தம் சொற்களை எழுத வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஒரு ஹதீஸ் உண்டு. குர்ஆன் வசனங்களோடு கலந்துவிடலாகாது என்பதே காரணமென உலமாக்கள் விளக்குவர். ஆயினும் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்றே எழுதினார்கள். அவர்களுடைய ஏட்டின் பெயர் 'அஸ்ஸாதிகா'. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் எழுதிய ஏட்டில் ஏறத்தாழ 138 ஹதீஸ்கள் உள்ளன. பெர்லினிலும் டமாஸ்கஸிலும் இருந்த அதன் பிரதிகளைக் கண்டெடுத்து, டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் 1953-ல் அச்சிட்டார்.

உலமாக்கள் மறைந்தால் கல்வியும் மறைந்துபோகுமே என்று அஞ்சியவர்கள் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் (ஆட்சி கி.பி. 717–720). ஹதீஸ்களைத் தேடி எழுதும்படி மதீனாவிலிருந்த அபூபக்ர் இப்னு ஹஸ்முக்குக் கட்டளை அனுப்பினார்கள். இமாம் ஸுஹ்ரீ (வபாத் 742) இப்பணியில் முன்னின்றார்கள். அதன்பின் இமாம் மாலிக் (வபாத் 795) 'முவத்தா'வையும், இமாம் புகாரீ (810–870) 'ஸஹீஹ்' கிரந்தத்தையும் தொகுத்தளித்தார்கள்.

எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமென்று அப்பெருமக்கள் விட்டுவிடவில்லை. பெயரும் கையொப்பமும் இல்லாத சீட்டைக் காட்டிப் பணம் கேட்டால் நாம் கொடுப்போமா? முஸ்லிம்களுக்குள் குழப்பம் எழுந்தபின், "உமக்குச் சொன்னவர் யார்?" என்று கேட்கும் வழக்கம் வந்ததாக இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியுள்ளார்கள். அவ்வாறு சொன்னவர், அவருக்குச் சொன்னவர் என நாயகம் (ஸல்) அவர்கள் வரை செல்லும் பெயர் வரிசையே 'இஸ்னாது'. ஒருவரையொருவர் சந்தித்தவர்களா, நினைவாற்றல் உள்ளவர்களா, பொய் பேசாதவர்களா என்று ஒவ்வொருவரையும் ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் போய்ச் சேர்ந்தார்கள்!

இன்றோ நாட்காட்டித் தாளிலும் கைத்தொலைபேசியிலும் 'நபிமொழி' என்று வருவதை, எந்தக் கிரந்தமென்றும் கேளாமல் கடைக்குக் கடை பரப்புவோர் பலர். கள்ள நோட்டென்று சந்தேகம் வந்தபின் அதை அடுத்தவர் கையில் தள்ளலாமா? நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது அதனினும் கொடிதன்றோ?

ஆகவே சகோதரர்களே, ஹதீஸ் என்று எவர் சொன்னாலும் கிரந்தத்தின் பெயரைக் கேட்போம். தெரியாவிட்டால் ஆலிமிடம் விசாரிப்போம். தெளிவு கிடைக்கும்வரை பிறருக்குச் சொல்லாதிருப்போம். அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக, ஆமீன்.