கழறிற்றறிவார் கேட்ட சிலம்பொலி

பிறர் செவிக்கு எட்டாத ஒலி ஒருவர்க்கு எட்டுமாயின், அதனைத் திருவருட்பேறு என்று கொள்ளலாமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர்க்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் மல்கியுள்ளன. தகடழுத்தும் பொறிகளின் பேரிரைச்சலிடையே செவிக்காப்பின்றி நெடுநாள் உழைப்பார்க்கு, இரவில் தனித்திருக்குங்கால் மணியோசை போன்றதோர் ஒலி செவியினுள் கேட்டல் கூடும். அதனை யோகநூல் கூறும் நாதமென்று மயங்குதல் தகாது. அஃது உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் நைந்தமையால் வரும் நோய்க்குறி. அழிந்த அவ்வணுக்கள் மீள முளையா. 8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபெல் எனத் தொழிற்சாலை விதிகள் எல்லை வகுத்தது இதுபற்றியே. அன்னார் மருத்துவரை நாடுதலே கடன்.

இனி, செவிப்புலன் மிக்கிருத்தல்தானும் ஞானமன்று. மக்கட்செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளையே கொள்ளும். வௌவால் அதற்கு மேலும், யானை அதற்குக் கீழும் கேட்கும். அதுகொண்டு அவற்றை ஞானியர் என்பார் யாருமிலர். நாததத்துவமும் சுத்தமாயையில் தோன்றுவதே. சடமாகிய அது பதியாதல் எங்ஙனம்?

அங்ஙனமாயின், சேரமான் பெருமாள் நாயனார் கேட்டது யாது? எவ்வுயிர் கழறுவனவும் அறியும் வரம் பெற்ற அவ்வரசர், நாடோறும் பூசை முடிவில் கூத்தப்பெருமானது சிலம்பொலி கேட்டு இன்புறுவார். ஒருநாள் அது கேளாதாக, தம்பால் பிழை நேர்ந்ததென்று உடைவாளை உருவி மார்பில் நாட்டப் புக்கார். அப்பொழுதே ஒலி எழுந்தது. தில்லையில் சுந்தரர் பாடலில் திளைத்தமையால் தாழ்த்ததென இறைவன் உணர்த்தியருளினான்.

இங்கு நாம் நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, அவ்வொலி அவர் ஆணைக்கு அடங்கியதன்று. இறைவன் கேட்பிக்கவே அவர் கேட்டார். உயிர் தானே அறியாது, அறிவிக்க அறியும் என்னும் சித்தாந்தத் துணிபிற்கு இதுவே சான்று. மற்றொன்று, கேட்டமையைத் தம் பெருமையாக அவர் பறைசாற்றினாரல்லர். தம்மினும் உயர்ந்த அடியார் ஒருவர் உளரென அறிந்து, நாடு விட்டுப் புறப்பட்டு, தில்லையைத் தொழுது, திருவாரூர் சென்று சுந்தரரைப் பணிந்து அவர்க்குத் தோழராயினார்.

ஆதலின், அரிய ஒலி கேட்டேம் என்று நமக்குத் தோன்றுமாயின், முதற்கண் உடல்நோயன்மை தெளிக. பின்னர், 'யான்' என்னும் செருக்குத் தேய்ந்ததோ, அடியார்பால் அன்பு பெருகிற்றோ என்று நம்மையே வினவுவோமாக. அவ்விரண்டும் இல்வழி, கேட்டது எவ்வொலியாயினும் அது செவியளவே நிற்கும்.