641-இடம் சிக்கிய எண்

கேள்வி: 4294967297 பகா எண் அல்ல என்பதைக் கணினி இல்லாத காலத்திலேயே ஆய்லர் கண்டுபிடித்துவிட்டாராமே? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தாரா? எத்தனை வருடம் ஆகியிருக்கும்?
- ஒரு பிளஸ் டூ மாணவி

பதில்: வருடக்கணக்கெல்லாம் வேண்டாம். பென்சிலும் தாளும் இருந்தால் நீங்களே இன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

இந்த 429 கோடிச் சொச்சம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இது வரும். பிரான்சில் நீதிமன்ற வேலைக்கு நடுவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஃபெர்மா, அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைப்பதைக் கவனித்தார். ஐந்துமே பகா எண்கள். இனி வருவதெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் கைக்கு வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அடுத்து வந்ததுதான் உங்கள் எண்.

கண்ணை மூடிக்கொண்டு வகுக்கப் போனால், வர்க்கமூலமான 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆய்லர் 1732-இல் '641-ஆல் வகுபடும்' என்று விடையை மட்டும் சொன்னார். வழியைப் பிற்பாடு நிரூபித்தார்: இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே எண் மாட்டிக்கொண்டது!

பெரிய எண்ணைத் தொடாமலே இதைச் சரிபார்க்கலாம். 2-இன் 16-ஆம் அடுக்கு 65536. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. 32-ஆம் அடுக்கு வேண்டுமென்றால் மீதியை மட்டும் வர்க்கப்படுத்தினால் போதும்: 154 × 154 = 23716. இதில் 36 முறை 641 போக, மீதி 640. ஃபெர்மா கூட்டிய அந்த ஒன்றைச் சேருங்கள், 641. மீதமின்றி வகுபட்டுவிட்டது. ஈவு 6700417, அதுவும் பகா எண்தான்.

ஃபெர்மாவின் வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை. இனி ஒன்று வரவே வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இன்னொரு வேடிக்கை: 2-இன் 1048576-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3,15,653 இலக்க எண், பகா எண் அல்ல என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இதுவரை யாருக்கும் தெரியாது. பகா எண்ணா இல்லையா என்று சொல்வது ஒரு வேலை, காரணியைப் பிடிப்பது வேறு வேலை.

193, 257, 449, 577 ஆகியவை ஏன் வகுக்கவில்லை என்பதை இதே மீதிக் கணக்கில் நீங்களே போட்டுப் பாருங்கள். 257-இலிருந்து தொடங்குங்கள், இரண்டே வரியில் முடிந்துவிடும்.