ஊன்றுகோல் எந்தக் கையில்?

இடுப்பு வலியோடும் முழங்கால் வலியோடும் எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் பலர், ஊன்றுகோலை வலியுள்ள காலின் பக்கத்திலேயே பிடித்து வருகின்றனர். வலது இடுப்பு நோகின்றது. ஆகவே வலக் கையில் கோல். சாயும் சுவருக்குச் சாயும் பக்கத்தில்தானே முட்டுக் கொடுப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். கோலை மறுகைக்கு மாற்றுங்கள் என்று நாங்கள் சொன்னால் மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த முறை வரும்போது அது பழைய கைக்கே திரும்பியிருக்கிறது. காரணம் தெரியாத அறிவுரை நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே இவ்விதழில் அந்தக் காரணத்தையே விளக்க முற்படுகிறோம். பள்ளியில் படித்த நெம்புகோலும் சாய்தளமும் இதற்குப் போதும்.

கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடப்பாரை ஊன்றி நிற்கும் இடம் ஆதாரப்புள்ளி. அங்கிருந்து கல்வரை உள்ள தொலைவு குறைவு. கைவரை உள்ள தொலைவு மிகுதி. விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். இருபுறத் திருப்புத்திறனும் சமமானால் நெம்புகோல் நிலைநிற்கும். எனவேதான் நீண்ட பக்கத்தில் சிறு விசை கொடுத்துக் குறுகிய பக்கத்திலுள்ள பெருங்கல்லை அசைக்க முடிகிறது.

நம் உடலிலோ இந்த ஏற்பாடு பெரும்பாலும் தலைகீழ். முழங்கையை மடக்கும் தசை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தள்ளித்தான் எலும்பைப் பற்றியிருக்கிறது. கையில் ஏந்திய செம்போ 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே 2 கிலோ செம்பைத் தாங்கத் தசை 14 கிலோ எடைக்குரிய விசையோடு இழுக்க வேண்டும். இயற்கை விசையை இழந்து வேகத்தைப் பெற்றிருக்கிறது என்று சொல்லலாம்: தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. ஆரோக்கியமான உடலுக்கு இது நல்ல வாணிபமே. மூட்டு தேய்ந்தபின்தான் அதன் விலை தெரிகிறது.

இடுப்புக்கு வருவோம். நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் வலக்காலில் நிற்கிறார் எனக் கொள்வோம். ஊன்றிய காலின் எடை போக, ஏறத்தாழ 50 கிலோவை வலது இடுப்பு மூட்டு தாங்குகிறது. ஆனால் அந்த 50 கிலோ மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுப்பகுதியில், மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. இடப்புறம் தள்ளி நிற்கிறது. ஆகவே இடுப்பெலும்பு இடப்பக்கமாகச் சரியப் பார்க்கிறது. சரியாமல் பிடித்து நிறுத்துவது வலது இடுப்பின் வெளிப்புறத்தில் உள்ள தசை. அதன் கைத்தொலைவு 5 செ.மீ. மட்டுமே. 50 கிலோவைப் 10ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் தசை இழுக்க வேண்டியது 100 கிலோ. மேலிருந்து அழுத்தும் 50 கிலோவும் தசை இழுக்கும் 100 கிலோவும் ஒருங்கே மூட்டின்மீது இறங்குகின்றன. 60 கிலோ மனிதரின் மூட்டில் 150 கிலோ! இது வெறும் காகிதக் கணக்கன்று. செயற்கை மூட்டினுள்ளேயே அளவைக் கருவியைப் பொருத்திப் பெர்லின் நகர ஆய்வாளர்கள் அளந்தபோதும், இயல்பாக நடக்கையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசையையே கண்டனர்.

இப்போது இடக்கையில் ஊன்றுகோலைக் கொடுப்போம். அக்கை வலது இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. கோலை 5 கிலோ அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். தரை அதே 5 கிலோ விசையால் உடலை மேல்நோக்கித் தாங்குகிறது. 5ஐ 40ஆல் பெருக்க 200. சரிக்கப் பார்த்த திருப்புத்திறன் 500. அதில் 200 கழிந்து 300 மிஞ்சுகிறது. தசை இழுக்க வேண்டியது இனி 60 கிலோவே. மூட்டின்மீது இறங்கும் மொத்த விசை 150லிருந்து 105 கிலோவாகக் குறைகிறது. கை தந்தது 5 கிலோ. மூட்டு பெற்ற விடுதலை 45 கிலோ. கடப்பாரையின் நீண்ட கை இங்கே நோயாளியின் பக்கம் வந்துவிட்டது.

வலியுள்ள பக்கத்திலேயே கோலைப் பிடித்தால் என்ன நேர்கிறது? தரை தரும் விசை மூட்டுக்கு வெளிப்புறம் அமைகிறது. அது இடுப்பெலும்பு சரிவதைத் தடுப்பதற்கு மாறாக, சரியும் திசைக்கே துணைபோகிறது. நோயாளி பலன் காண வேண்டுமானால் உடலையே அந்தப் பக்கம் சாய்த்தாக வேண்டும். வலியோடு விந்தி நடப்பவர் நோவுள்ள பக்கம் சாய்வதும் இதனால்தான். உடலின் எடை மூட்டுக்கு அருகில் வந்தால் 10 செ.மீ. என்னும் தொலைவு 6 ஆகும். மூட்டுச் சுமை 110 கிலோவாகக் குறையும். பாடம் படிக்காமலேயே உடல் நெம்புகோல் விதியைக் கண்டுகொள்கிறது என்பது வியப்புக்குரியதே. ஆனால் நாள் முழுதும் சாய்ந்து நடந்தால் முதுகெலும்பு வருந்துகிறது. மறுகையில் பிடித்த கோல் ஏறத்தாழ அதே பயனை நிமிர்ந்த நடையோடு தருகிறது.

1956ஆம் ஆண்டில் வால்டர் பிளவுண்ட் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர், ஊன்றுகோலை எறிந்துவிடாதீர்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். கோல் பிடிப்பதை இழுக்காகக் கருதும் மனப்பான்மை அங்கும் இருந்தது போலும். நம்மிடையே அது இன்னும் வலுவானது. ‘கிழவராகிவிட்டேன் என்று ஊர் சொல்லும்’ என்று 55 வயதினர்கூட மறுக்கின்றனர். கோல் பிடிப்பவர் எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்பதையே நாங்கள் பார்க்கிறோம். ஊர் பார்ப்பது வேறு.

கோலின் உயரமும் முக்கியம். செருப்பணிந்து நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகக் கோலின் பிடி இருக்க வேண்டும். பிடித்தபின் முழங்கை சற்றே மடங்கியிருக்கும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில் வழுக்கும் கோல் இல்லாத கோலைவிடத் தீங்கானது. நோவுள்ள காலும் கோலும் ஒன்றாக முன்னே செல்ல வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் காலில் எவ்வளவு எடை போடலாம் என்பதை மட்டும் அறுவை மருத்துவர் கூறியபடியே கடைப்பிடியுங்கள். அங்கே எங்கள் கணக்கு செல்லாது.

இதே கணக்குதான் நோயாளியைத் தூக்கும் மனைவி, மக்களின் முதுகையும் ஆளுகிறது. முதுகுத் தசையின் கைத்தொலைவும் ஏறத்தாழ 5 செ.மீ.தான். கையை நீட்டி 40 செ.மீ. தொலைவில் 20 கிலோ சுமையைத் தாங்கினால், தசை 160 கிலோ விசையோடு இழுக்கிறது. குனிந்த உடலின் எடை இதில் சேரவில்லை. அதே சுமையை 20 செ.மீ. தொலைவுக்கு அணைத்துக்கொண்டால் 80 கிலோ. நோயாளியை ஒட்டி நின்று, பிறகே தூக்குங்கள். நாற்காலியைக் கட்டிலின் அருகே வைத்துச் சக்கரங்களைப் பூட்டுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்து வையுங்கள்.

படிக்கட்டில் எந்தக் கால் முதலில் என்ற கேள்விக்கு விடை சொல்வது வேலை என்னும் கருத்து. இயற்பியலில் வேலை என்பது விசையை நகர்ந்த தொலைவால் பெருக்கி வருவது. 60 கிலோ உடலை 17 செ.மீ. உயரப் படியில் ஏற்றினால் ஏறத்தாழ 100 ஜூல் வேலை. மேற்படியில் வைத்த கால்தான் இந்த வேலையைச் செய்கிறது. இறங்குகையில் அதே 100 ஜூலை அடக்கி, உடல் திடுமென விழாமல் மெல்ல இறக்குவது மேற்படியில் பின்தங்கிய கால். ஆகவே ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுள்ள காலும் கோலும் முதலில். இரு வேளையிலும் உழைப்பது நல்ல காலே. (20 படி ஏறினால் 2000 ஜூல். தசை வெப்பமாக இழப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 கிலோ கலோரி. ஓர் இட்லியில் அது ஒரு துணுக்கே. ஆகவே படியேறிக் களைத்தவர் இன்னும் இரண்டு இட்லி உண்ண அதுவே சான்றாகாது.)

சுமையை அசையாமல் பிடித்து நின்றால் இயற்பியல் கணக்கில் வேலை சுழியம், தொலைவு இல்லையே. எனினும் கை ஓய்ந்துபோகிறது. சுருங்கிய நிலையில் நிற்பதற்கே தசை இடையறாது ஆற்றலைச் செலவிடுகிறது. ‘சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு என்ன களைப்பு?’ என்று உறவினர் கேட்பதுண்டு. வலிக்கும் மூட்டு அசையாதபடி தசைகளை இறுக்கிப் பிடித்தே அமர்ந்திருப்பவர் உண்மையிலேயே களைக்கிறார். தலையணையோ கைப்பிடியோ கொடுத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துங்கள்.

வீட்டு வாயிலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை அமைக்க விரும்புவோர் எங்களிடம் அளவு கேட்கின்றனர். நோயாளியும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ, வாயில் உயரம் 45 செ.மீ. எனக் கொள்வோம். எவ்வழியில் ஏற்றினாலும் வேலை ஏறத்தாழ 330 ஜூல். சாய்தளம் அதில் ஒன்றையும் தள்ளுபடி செய்வதில்லை. தொலைவைக் கூட்டி விசையைக் குறைப்பதே அதன் தொழில். ஒன்றரை மீட்டர் பலகையைச் சாய்த்தால் 22 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்னும் வழக்கமான அளவில் 5.4 மீட்டர் கட்டினால் 6 கிலோவுக்குச் சற்று மிகுதி. உராய்வுக்குச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். அறுபது வயது மனைவியால் தள்ள இயல்வது இரண்டாவதுதான். அவ்வளவு இடம் வாயிலில் இல்லையெனில், பாதையை நடுவில் ஒரு சமதளம் வைத்து மடக்கிக் கட்டலாம். செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் கீழ்ப்புறம் நின்று பின்னோக்கி நடந்து இறக்க வேண்டும். முன்முகமாக இறக்கினால் நோயாளி இருக்கையிலிருந்து சரிந்து விழ நேரும்.