வரவறிந்து வாழ்தல்

வரவறிந்து செலவிடும் குடும்பம் தாழ்வதில்லை; முதலை எடுத்து உண்ணும் குடும்பம் நெடுநாள் நிலைப்பதில்லை. இவ்வுண்மை பணத்திற்கு மட்டும் உரியதன்று. நீருக்கும் மண்ணுக்கும் உரியதாகும். ஆண்டுதோறும் பெய்யும் மழை உலகிற்கு வரவு. நிலத்தின் ஆழத்தில் நெடுங்காலமாகத் தங்கியிருக்கும் நீர் முதல். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு அமைந்திருப்பதன் பொருளை, மழையை நம்பி வாழ்வோர் நன்கு உணர்வர்.

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூர் அவ்வாறு மழையை நம்பிய பகுதிகளுள் ஒன்று. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் உள்ள இப்பேரூருக்குத் தெற்கே சேர்வராயன் மலைத்தொடர் நிற்கிறது. காவிரியாறு ஒகேனக்கல்லில் பேரருவியாய் வீழ்ந்தாலும், மாவட்டத்தின் மேற்கு ஓரமாகவே சென்றுவிடுகிறது. ஆதலின் இங்குள்ள மேட்டு நிலங்கள் வானத்தையும் கிணற்றையும் ஏரியையும் நோக்கியே வாழ்கின்றன. இம்மாவட்டத்தில் ஆண்டிற்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் ஆகும்.

இவ்வரவிற்குள் வாழும் உழவர் குடும்பம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக் காண்க. அதன் நிலத்தில் கேழ்வரகு விளைகிறது. நெல் வேண்டும் நீரில் பாதியும் அதற்கு வேண்டுவதில்லை. ஊடே அவரையும் துவரையும் வளர்கின்றன. அவை குடும்பத்திற்குப் பருப்பைத் தருவதோடு, காற்றிலுள்ள தழைச்சத்தைத் தம் வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணிற்கும் தருகின்றன. கேழ்வரகுத் தாளை மாடு தின்கிறது. மாட்டின் சாணம் எருவாகி வயலுக்கே மீள்கிறது. பாத்திரம் கழுவிய நீர் முருங்கைக்குப் பாய்கிறது. வாயிலில் நிற்கும் புளியமரம் பாட்டனார் நட்டது. அதன் பயனை உண்பவர் பேரப்பிள்ளைகள். இவ்வீட்டில் கழிவு என்று தள்ளப்படுவது மிகச் சிறிதே.

ஓர் ஆண்டு மழை பொய்த்தது. குதிரில் இருந்த கேழ்வரகு நாளுக்கு நாள் குறைந்தது. களி உண்ட வேளைகளில் கூழ் ஆயிற்று. ஒரு நாள் மாலை, பரண்மேல் வேப்பிலையிட்டு மூடி வைத்திருந்த சிறுபானையைப் பேத்தி கண்டாள்.

“பாட்டி, இதில் கேழ்வரகு இருக்கிறதே! இதை ஏன் அரைக்கவில்லை?” என்று கேட்டாள்.

“அது விதை, கண்ணு! சென்ற ஆண்டு நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்தது. அது நம்முடையதன்று; வருகிற ஆண்டினுடையது” என்றாள் பாட்டி.

பேத்தி மேலும் ஒன்றும் கேட்கவில்லை. பானையை மூடிவிட்டு இறங்கினாள். அடுத்த ஆண்டு மழை பெய்தபோது, கடனின்றி முதலில் விதைத்த நிலங்களுள் அவர்கள் நிலமும் ஒன்றாய் இருந்தது.

பாட்டி விதைக்குக் காட்டிய கருத்தை மக்கள் நீருக்குக் காட்டத் தவறினர். திறந்த கிணறுகள் வற்றியபோது, வரவைப் பெருக்கும் வழியை நாடாமல், ஆழ்துளைக் கிணறுகளைப் பல நூறு அடி ஆழத்திற்கு இறக்கினர். ஆழத்தில் பாறைகளோடு நெடுங்காலம் உறவாடிய நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுதியாய்க் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அவ்வளவு மிகுந்த நீரைப் பருகிய தர்மபுரி மாவட்டச் சிறுவர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை படிந்தது. அக்கறை துலக்கினாலும் போவதில்லை. நெடுங்காலம் பருகினோர்க்கு எலும்புகளும் மூட்டுகளும் விறைத்தன. நீரைக் காய்ச்சினாலும் அவ்வுப்பு நீங்காது. இக்கேட்டை நீக்கக் காவிரி நீரையே குழாய் வழியே கொணர வேண்டியதாயிற்று. 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

வரவைப் பெருக்கும் வழி ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். ஆகவே, 50 சதுர மீட்டர் கூரையில் 850 மில்லிமீட்டர் மழைக்கு விழுவது 42,500 லிட்டர். வீணாவது போக நான்கில் மூன்று பங்கு சேரினும் 30,000 லிட்டருக்கு மேலாகும். ஐவர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாள்தோறும் 25 லிட்டர் கொண்டால், ஓராண்டிற்கு வேண்டுவது 9,125 லிட்டரே. தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைத்தல் வேண்டும் என 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது இது கருதியே.

தஞ்சையில் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியடிகளோடு சேர்ந்து சிற்றூர்த் தொழில்களுக்கு உழைத்த பொருளியல் அறிஞர். நிலைத்து நிற்கும் பொருளியலைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1945ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்டத்திற்கு ஒன்றும் செய்யாது கனியைப் பறித்துச் செல்லும் குரங்கின் வாழ்வு ஒன்று. தேனை எடுக்கும்போதே மகரந்தத்தைப் பரப்பிப் பூவைக் காயாக்கும் தேனீயின் வாழ்வு மற்றொன்று. இவ்வேறுபாட்டை அவர் அந்நூலில் விளக்கினார். ஆழ்துளைக் கிணற்றில் நீரை இறைத்துக்கொண்டே இருந்து, ஒரு துளி மழையையும் நிலத்தில் இறக்காதவர் எவ்வகையினர் என்பதை அவரவரே உணரலாம்.

நாட்டின் போக்கிலும் மாற்றம் தோன்றியுள்ளது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசியில் 2 கிலோவிற்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அரிசியைக் காட்டிலும் சுண்ணாம்புச் சத்து பன்மடங்கு மிகுந்தது கேழ்வரகு. குறைந்த நீரில் விளைந்து, வளரும் பிள்ளைகளின் எலும்பிற்கு வலிமை தரும் அத்தானியம், ஏழையின் உணவென்று எளிதாய் எண்ணப்பட்ட காலமும் உண்டு.

நீரைச் சேர்ப்பதும், மண்ணிற்கு எருவை மீட்டுத் தருவதும், மரம் நடுவதும் அரிய செயல்கள் அல்ல. வீட்டில் உள்ளோர் அனைவரும் நாள்தோறும் செய்யத்தக்கவை. பரண்மேல் இருந்த சிறுபானையைப் பசித்த நாளிலும் அக்குடும்பம் தொடவில்லை. நிலத்தின் அடியில் உள்ள நீரும் அத்தகைய விதைப்பானையே. இனி வரும் பிள்ளைகளுக்கு உரிய அதனைக் காத்து, வானம் தரும் வரவைக் கொண்டு வாழ்வதே அறிவுடையோர் கடமையாகும்.